ஓடாத கடிகாரமும் ஊர்பேர் தெரியாத பாயும்

"நம்ம ஊர்ல இந்த மாதிரி வேலை செய்ய ஆள் ஏது?"

இந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடுவதற்காகவே இதை எழுதுகிறேன். வாக்கியத்தைச் சொல்கிறவர்களோடு எனக்கு விரோதம் கிடையாது. அவர்கள் நல்ல மனிதர்கள். வந்தவனை உட்காரவைத்து, காபி கொடுத்து, மின்விசிறியையும் தட்டிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் உபசாரம் பெற்றுக்கொண்டதற்காகப் பொய்யை ஒப்புக்கொள்ள முடியாது.

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் புது வீடு கட்டுகிறவர்களிடையே ஒரு பக்தி பரவி வருகிறது. பழம்பொருள் பக்தி. முதலில் முன்கூடத்துக்கு ஒரு பழைய தேக்குத் தூண் வரும். அப்புறம் யாரோ பாட்டி தண்ணீர் காய்ச்சிய அண்டா வந்து வாசலில் பூச்சட்டியாக உட்காரும். கையில் இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்தால் மேஜைக் கடிகாரம். அதிலும் பிரஞ்சுக் கடிகாரம் என்றால் அந்த வீட்டின் அந்தஸ்தே தனி. காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருக் கடைகளிலோ, கொச்சியில் மட்டாஞ்சேரிக் கடைகளிலோ பேரம் பேசி, பஞ்சு சுற்றி, காரின் பின்சீட்டில் குழந்தையைப் போலப் படுக்கவைத்துக் கொண்டுவருவார்கள்.

"அண்ணாச்சி, இது பாரிஸ் சரக்காக்கும். லூயி ராஜா காலத்து வேலை."

"ஓடுமா?"

"ஓடாது. ஓடி என்னத்துக்கு? மணி பார்க்கத்தான் செல்போன் இருக்குல்லா? இது வேலைப்பாட்டுக்கு. நம்ம ஊர்ல இந்த மாதிரி வேலை செய்ய ஆள் ஏது?"

இந்த மூன்று வரி சம்பாஷணையில் மூன்று அபத்தங்கள் இருக்கின்றன. முதலாவது, கடிகாரம் ஓடவேண்டாம் என்பது. இரண்டாவது, வேலைப்பாட்டைப் போற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்த மனிதனைப் பற்றி ஒரு வார்த்தையும் விசாரிக்காதது. மூன்றாவது, தாமிரவருணிக் கரையில் இருந்துகொண்டு 'ஆள் ஏது' என்று கேட்பது.

முதலில் கடிகாரத்துக்குச் சேரவேண்டிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். எதிராளியின் சரக்கைச் சிறுமைப்படுத்தி வாதத்தில் ஜெயிப்பது எனக்குப் பிடித்த காரியமல்ல. மேலும் அந்தச் சரக்கு சிறுமைப்படக் கூடியதும் அல்ல.

ஆந்த்ரே ஷார்ல் பூல் என்று ஒருவர் 1642இல் பிறந்தார். மர வேலைக்காரர். பதினான்காம் லூயி மன்னர் 1672இல் அவருக்கு லூவர் அரண்மனையிலேயே குடியிருக்கவும் பட்டறை வைக்கவும் இடம் கொடுத்தார். ஆமையோட்டையும் பித்தளையையும் சேர்த்து மரத்தின்மேல் இழைத்துப் பதிக்கிற கலையை முதலில் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. ஆனால் அதை உச்சிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அதனால் இன்றைக்கும் அந்த வேலைக்கே 'பூல் வேலை' என்று பெயர்.

வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் மலைப்பாக இருக்கும். ஆமையோட்டை வெந்நீரில் இளக்கித் தட்டையாக்குவார்கள். அதே கனத்தில் ஒரு பித்தளைத் தகடு. நடுவே காகிதம் வைத்து இரண்டையும் ஒன்றாக ஒட்டி, கொடியும் இலையும் பூவும் வரைந்த தாளை மேலே ஒட்டுவார்கள். பிறகு மயிரிழை போன்ற ரம்பத்தால் இரண்டு தகட்டையும் சேர்த்தே அறுத்துக்கொண்டு போகவேண்டும். கை ஒரு நூல் பிசகினால் இரண்டும் போயிற்று. அறுத்து முடித்துப் பிரித்தால் ஒரே வெட்டில் இரண்டு சித்திரங்கள் கிடைக்கும். ஒன்றில் ஆமையோட்டு நிலத்தில் பித்தளைப் பூ. மற்றதில் பித்தளை நிலத்தில் ஆமையோட்டுப் பூ. ஒன்றின் மிச்சம் மற்றதன் உயிர். துளி சேதாரமில்லை. ஓட்டுக்கு அடியில் சிவப்புச் சாயம் தடவி, வஜ்ஜிரம் காய்ச்சி மரப்பெட்டியின்மேல் ஒட்டி, பித்தளையில் ஊசி உளியால் நரம்பு கீறி, அதில் கறுப்பு ஏற்றிவிட்டால், விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பெட்டி கனல் மாதிரி மின்னும். முகப்பில் மணிக்கு ஒன்றாக வெள்ளை எனாமல் சில்லுகள் பதித்திருக்கும். உச்சியில் சின்னஞ்சிறு வெண்கல மன்மதன். கீழே அரிவாளோடு காலபுருஷன். காலத்தைக் காதல் ஜெயித்துவிட்டது என்பது தாத்பரியம்.

அழகுதான். சந்தேகமில்லை. யாராவது 'அந்நியச் சரக்கு, தூக்கி எறி' என்று சொன்னால், முதலில் அவரோடு சண்டை போடுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் அழகு என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் போதுமா? ஒரு கடிகாரத்தைச் செய்தது யார்?

பெட்டியைச் செய்தவர் ஒரு தச்சர். உள்ளே இருக்கிற இயந்திரத்தைச் செய்தவர் வேறொருவர். வெண்கலப் பொம்மையை வார்த்தவர் ஒருவர், செதுக்கியவர் ஒருவர், அதற்குத் தங்க முலாம் பூசியவர் இன்னொருவர். அந்த முலாம் வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, வெண்கலத்தின்மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும். தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஆவியாகப் போன பாதரசம் எங்கே போயிற்று? முலாம் பூசியவனுடைய நெஞ்சுக்குள் போயிற்று. கை நடுங்கி, பல் ஆடி, அற்பாயுளில் செத்தவர்கள் அநேகம். கூடத்தில் மின்னுகிறதே அந்த மன்மதன், அவன் இறக்கையில் இருக்கிற மினுக்கு ஒரு மனிதனுடைய மூச்சு. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவன்தான் வேலைப்பாட்டைப் பார்க்கிறவன். தெரியாமல் பார்க்கிறவன் மினுக்கைத்தான் பார்க்கிறான்.

'பிரஞ்சு வேலை, பிரஞ்சு வேலை' என்று கொண்டாடுகிறோம். பாரிஸ் நகரத்துப் பெயர்பெற்ற தச்சர்களில் பலர் பிழைப்புத் தேடி வேறு தேசங்களிலிருந்து வந்தவர்கள். மரி அந்த்வானெத் ராணிக்கு மேஜை செய்துகொடுத்த ரீஸ்னர் 1734இல் ஜெர்மனியில் பிறந்தவர். வெளியூரிலிருந்து வந்து பட்டறையில் உட்கார்ந்தவன் செய்த வேலைக்கு அந்த ஊர்ப் பெயர் வந்துவிட்டது. நம்முடைய ஊர்களிலும் அப்படித்தானே?

பூலின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் ஆதரவு, அரண்மனையில் வாசம், ஐரோப்பா முழுவதும் பெயர். 1720இல் அவருடைய பட்டறை தீப்பற்றி எரிந்தது. 1732இல் அவர் இறந்தபோது பிள்ளைகளுக்கு மிஞ்சியது கடன். அவர் பட்டறைச் சாமான்கள் இன்று ஏலத்துக்கு வந்தால் என்ன விலை போகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு தம்பிடி பூலுக்குப் போய்ச் சேருமா? கைவேலையின் லாபம் கையைத் தவிர மற்ற எல்லோருக்கும் போகிறது. இது லூயி காலத்து வழக்கம் மட்டுமல்ல.

நம்முடைய கனவான்களின் மனத்தை நோகடிக்கிற இன்னொரு செய்தியும் உண்டு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அதாவது 1852க்கும் 1870க்கும் இடையில், பூல் பாணிக்கு மறுபடி மோஸ்தர் வந்தது. கடைகளில் 'லூயி காலத்துக் கடிகாரம்' என்று கைமாறுகிறவற்றில் பல அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்குகள். அவற்றின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். பல கடிகாரங்களின் வயிற்றுக்குள் இருப்பது ழாப்பி போன்ற தொழிற்சாலைகளில் இயந்திரத்தில் வெட்டி, ஒரே அச்சாக ஆயிரக்கணக்கில் செய்துதள்ளிய யந்திரம். கெட்டிக்காரச் சரக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் 'எல்லாம் கையாலே செய்தது' என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கடிகாரத்தின் பாதி தொழிற்சாலையில் பிறந்தது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால், முழுக்க முழுக்கக் கையாலேயே செய்த ஒரு பொருள் அதே கூடத்தில், அதே கடிகாரத்துக்குக் கீழே, தரையில் கிடக்கிறது. அதை மிதித்துக்கொண்டுதான் நாம் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கிறோம்.

பத்தமடைப் பாயைச் சொல்கிறேன்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற ஊர். ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் வளர்கிற கோரைதான் கச்சாப்பொருள். ஆட்டுக்குக்கூட அவ்வளவாக உபயோகமில்லாத புல். அதைப் பச்சையாக அறுத்து, கீறி, உலர்த்துகிறார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போடுகிறார்கள். தேங்கின தண்ணீர் ஆகாது. ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். ஊறி உப்பிய கோரையை எடுத்து, மறுபடி கீறுகிறார்கள். மறுபடியும் கீறுகிறார்கள். ஒரு புல் நூலாகிறவரை கீறுகிறார்கள். அப்புறம் சாயம். அப்புறம் தரையோடு தரையாகக் கிடக்கிற தறியில் பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக ஓடியிருக்க, அந்தக் கோரை இழையை ஒவ்வொன்றாகக் குச்சியில் கோத்து ஊடே செலுத்தி, அடித்து நெருக்குகிறார்கள். நாடா பறக்கிற தறியல்ல அது. ஒவ்வோர் இழையும் கையால் போய்க் கையால் திரும்பவேண்டும். நயமான பட்டுப் பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். சுருட்டிப் பிடித்தால் துணி மாதிரி மடங்கும். விரித்துப் படுத்தால் சித்திரை மாதத்து இராத்திரியில் முதுகுக்கு ஆற்றங்கரை கிடைக்கும்.

இப்போது சொல்லுங்கள். பித்தளையையும் ஓட்டையும் மயிரிழையாக அறுப்பது வேலை. புல்லை மயிரிழையாகக் கீறுவது வேலை இல்லையா? அங்கே பாரிஸ் தச்சரின் கண்ணும் விரலும் செய்ததற்கும், இங்கே பத்தமடை லெப்பைமார் வீட்டுப் பெண்களின் கண்ணும் விரலும் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் செத்து முந்நூறு வருஷமாயிற்று. இவர்கள் உயிரோடிருக்கிறார்கள். உயிரோடிருப்பதனால் கூலி கேட்கிறார்கள். அதுதான் நமக்குப் பிடிக்கவில்லை!

பத்தமடை மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். ஆற்றோடு கொஞ்சம் மேலே போனால் அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு வண்ணம் ஏற்றிய சொப்புச் சாமான். இந்தப் பக்கம் காருகுறிச்சியில் மண்பாண்டம். வீரவநல்லூரில் தறி. இருபது முப்பது மைல் வட்டத்துக்குள் இத்தனையையும் வைத்துக்கொண்டு, 'ஆள் ஏது' என்று கேட்கிறோம். காது கேட்காதவன் கச்சேரியே நடக்கவில்லை என்று சொன்ன கதை.

"அதெல்லாம் சரி, பாய் பாய்தானே? பத்து வருஷத்தில் பிய்ந்துபோகும். கடிகாரம் முந்நூறு வருஷம் நிற்கிறதே!" என்று ஒரு ஆட்சேபம் வரும். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். கொஞ்சம் ஆராய்ந்தால் நிற்காது.

பித்தளைக்கும் மரத்துக்கும் சீதோஷ்ணம் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளாது. வெயிலில் ஒன்று அதிகம் விரியும். ஈரத்தில் மற்றது அதிகம் உப்பும். நடுவில் இருக்கிற வஜ்ஜிரம் இரண்டுக்கும் மத்தியஸ்தம் செய்து செய்து அலுத்துப்போகும். ஒரு நாள் பித்தளை இலை நுனி தூக்கிக்கொள்ளும். துடைக்கிற துணியில் மாட்டும். பிய்ந்து வரும். பாரிஸிலேயே இந்த வியாதி உண்டு. நம்முடைய பங்குனி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் கேட்கவேண்டுமா? ஆகவே, எந்தப் பூல் கடிகாரமும் தானாக முந்நூறு வருஷம் நிற்கவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை ஒருவன் உட்கார்ந்து, பெயர்ந்ததை ஒட்டி, உடைந்ததைச் சேர்த்து, எண்ணெய் விட்டுக்கொண்டே வந்ததனால்தான் நின்றது. பொருள் நிலைப்பதற்குக் காரணம் கை. கை இருந்தால் பாயும் நிலைக்கும்; ஒன்று பிய்ந்தால் அதே நயத்தில் இன்னொன்று வரும். கை போய்விட்டால் கடிகாரமும் ஒரு நாள் விறகு.

கடிகாரத்துக்குக் கை இருக்கிறதா நம்மிடம்? கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பாரே, அந்தக் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், அவர் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரவில்லை. எப்படி வருவான்? லட்சம் கொடுத்துக் கடிகாரம் வாங்குகிறவர் அதை ஓட்ட ஆயிரம் கொடுக்க யோசிக்கிறாரே!

அதனால்தான் 'ஓடவேண்டாம்' என்பதை முதல் அபத்தம் என்றேன். ஓடாத கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேலைப்பாட்டைப் போற்றுகிறேன் என்பது, பாடத் தெரிந்தவரைக் கூடத்தில் உட்காரவைத்து, 'வாயைத் திறக்காதீர், உங்கள் உடுப்பு மட்டும் போதும்' என்று சொல்வது போன்றது. ஹைதராபாத்தில் சாலார் ஜங் மியூசியம் இருக்கிறது. அங்கே பிரஞ்சுக் கடிகாரங்கள் உட்படப் பல தேசத்துக் கடிகாரங்கள் உண்டு. ஆனால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து காத்திருப்பது ஒரு கடிகாரத்தின் முன்னால்தான். மணி ஆகப்போகும்போது உள்ளேயிருந்து ஒரு தாடிக்காரப் பொம்மை வெளியே வந்து மணியடித்துவிட்டுப் போகும். ஜனங்களுக்கு ரசனை தெரியும். கடிகாரம் என்றால் அது வேலை செய்யவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதது நம்மைப் போன்ற படித்தவர்களுக்குத்தான்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் திருவனந்தபுரம். பத்மநாபசுவாமி கோவில் எதிரே 'மேத்தன் மணி' என்று ஒரு கடிகாரம். மணிக்கு மணி, தாடிக்கார முகம் ஒன்று வாயைத் திறக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் முட்டும். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்து, 1840ஆம் வருஷத்து வேலை. வானசாஸ்திர நிபுணர் ஜான் கால்டிகாட் மேற்பார்வை என்று சொல்வார்கள். சரி, செய்தவர் யார்? 'குளத்தூக்காரன்'. அவ்வளவுதான். மேற்பார்வை பார்த்த துரைக்கு முழுப் பெயர் இருக்கிறது. ராஜாவுக்குப் பெயரும் பட்டமும் இருக்கின்றன. சக்கரத்தைச் செதுக்கியவனுக்கு ஊரின் பெயரே பெயர்!

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. பாரிஸ் நகரத்துத் தச்சர் சங்கம் 1743இல் ஒரு விதி செய்தது. செய்கிற சாமானில் தச்சர் தம்முடைய பெயர் முத்திரையை அடிக்கவேண்டும் என்பது விதி. கலைஞனைக் கௌரவிப்பதற்காகச் செய்த ஏற்பாடல்ல அது. போலிச் சரக்கைப் பிடிப்பதற்காகச் செய்தது. இருந்தாலும் அந்த முத்திரையினால் அநேகம் பெயர்கள் பிழைத்தன. இன்றைக்கு வியாபாரி பெட்டியைத் திருப்பிப் பார்த்து முத்திரையைத் தேடுகிறான். பெயர் இருந்தால் விலை ஒன்று. இல்லாவிட்டால் விலை வேறு. பெயர் தெரிந்த கைக்கு மதிப்பு. பெயர் தெரியாத கைக்குக் கூலி. உலகம் நடக்கிற விதம் இது.

பத்தமடையில் கல்யாணப் பாய் என்று நெய்வார்கள். பார்த்திருப்பீர்கள். மணமகன் பெயர், மணமகள் பெயர், கல்யாணத் தேதி மூன்றையும் பாயிலேயே எழுத்தாக நெய்து கொடுப்பார்கள். கோரையில் எழுத்து நெய்வது லேசான காரியமல்ல. வளைவும் சுழியுமாக இருக்கிற நம்முடைய தமிழ் எழுத்தை நேர்க்கோட்டு இழையில் கொண்டுவரவேண்டும். எந்தப் பெண்ணின் பெயரோ, எந்தப் பையனின் பெயரோ எழுத்துப் பிசகாமல் அந்தப் பாயில் இருக்கும். நெய்தவள் பெயர்? இராது. ஒருவர் பெயரை இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவளுக்கு, தன் பெயரை அதே பாயின் மூலையில் ஓர் அங்குலம் எழுதிக்கொள்ள நாம் இடம் கொடுக்கவில்லை. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போயிற்று என்று ஊரே பெருமையாகச் சொல்லும். பாய் போயிற்று, ராணியின் பெயர் தெரியும், நெய்தவரின் பெயரை அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்லி யாரும் கேட்டதுண்டா?

புவிசார் குறியீடு என்று ஒன்று பத்தமடைப் பாய்க்குக் கிடைத்திருக்கிறது. சந்தோஷம். ஊர் பெயரை வேறு ஊர்க்காரன் திருடிக்கொள்ளாமல் அது காப்பாற்றும். ஆனால் அது ஊருக்குக் கொடுத்த பெயர். ஆளுக்குக் கொடுத்ததல்ல. அந்தக் குறியீட்டோடு நின்றுவிட்டால் மறுபடியும் குளத்தூக்காரன் கதைதான்.

'இவன் சுதேசிப் பிரசங்கம் செய்கிறான்' என்று சிலருக்குத் தோன்றலாம். வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கிய சீமையில் பிறந்தவனுக்குச் சுதேசி என்ற வார்த்தையில் வெட்கமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் என் வாதம் அதுவல்ல. கைவேலைக்குத் தேசம் கிடையாது என்பதுதான் என் கட்சி.

உண்மையில், அந்தப் பிரஞ்சுக் கடிகாரத்தில் பதித்திருக்கிற ஆமையோடு பிரான்சில் விளைகிற சமாசாரமா? அழுங்காமை வெதுவெதுப்பான கடல்களில் வாழ்கிற பிராணி. நம்முடைய மன்னார் வளைகுடாவிலும் உண்டு. பூல் பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே, முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, தமிழகத்துக் கரையை ஒட்டிய தீவுகளில் பிடித்த ஆமையோடு ஏற்றுமதியானதைச் சொல்கிறது. அதே குறிப்பில் தாமிரவருணி முகத்துவாரத்துக் கொற்கையின் முத்துக்குளிப்பும் வருகிறது. ரோமாபுரிச் சீமான்கள் தங்கள் கட்டில்களில் ஆமையோடு இழைத்தார்கள். ஆக, ஆமையோட்டில் இழைக்கிற மோகத்துக்கு நம்முடைய கடலும் ஒரு காலத்தில் தீனி போட்டிருக்கிறது. இன்று அந்த ஆமை அருகிவிட்டது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது. புதிதாக அந்த வேலை செய்ய வழியில்லை, செய்யவும் கூடாது. கோரைக்கு அந்தப் பாவமில்லை. அறுத்தால் மறுபடி வளரும். ஆற்றில் தண்ணீர் ஓடினால் போதும்.

பழம்பொருள் மோகத்தில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பொருளை அது இருந்த இடத்திலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் அறுத்தால்தான் அது பழம்பொருளாகிறது. பிரான்சில் புரட்சி வந்தபோது, 1793இல் தொடங்கி ஒரு வருஷம் வரையில் வெர்சேல்ஸ் அரண்மனைச் சாமான்களை ஏலம் போட்டார்கள். பதினேழாயிரம் உருப்படிகள் போல ஊர் ஊராகச் சிதறின. நம்முடைய செட்டிநாட்டு வீடுகள் பாகப்பிரிவினையில் இடிபடும்போதும் நிலையும் கண்ணாடியும் கடிகாரமும் அப்படித்தான் தெருவுக்கு வருகின்றன. நம்முடைய கனவானிடம், 'இந்தக் கடிகாரம் யார் வீட்டிலிருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அந்த ஆசையில்லாமையின் விலையை நம்முடைய சீமை அனுபவித்திருக்கிறது. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோவில் நடராஜர் 1982இல் களவு போனார். பிறகு எங்கே இருந்தார்? ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில், கௌரவமாக வைக்கப்பட்டிருந்தார். வெளிச்சம் போட்டு, 'என்ன அற்புதமான வேலைப்பாடு!' என்று அங்கேயும் கனவான்கள் வியந்திருப்பார்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. 2019இல் ஊர் திரும்பினார். முப்பத்தேழு வருஷம்! கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் அவரை வரவேற்றது வேலைப்பாட்டுக்காகவா? அவர் தங்கள் ஊர்க்காரர் என்பதற்காக. பொருளுக்கும் மனிதர்க்கும் உள்ள உறவு அது. அடிலெய்டு கண்ணாடிக் கூண்டில் அந்த உறவைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. பாளையங்கோட்டைக் கூடத்துக் கடிகாரத்திலும் அந்த உறவைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது.

அதற்காகக் கடிகாரத்தைத் திருப்பிக் கொண்டுபோய் பாரிஸில் வைக்கச் சொல்லவில்லை. நியாயமாக வாங்கியது நியாயமாக இருக்கட்டும். நான் கேட்பது மூன்றே மூன்று காரியங்கள். மூன்றும் எந்தச் சர்க்காரையும் நம்பியிருப்பவையல்ல.

முதலாவது, கடிகாரத்தை ஓடவையுங்கள். ஊரில் மிஞ்சியிருக்கிற கடிகாரக்காரரை வீட்டுக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் கேட்கிறதைக் கொடுங்கள். இராத்திரி மணியடித்தால் தூக்கம் கெடும் என்று பயப்படவேண்டாம். நாலு நாளில் பழகிவிடும்.

இரண்டாவது, அடுத்த முறை பத்தமடைக்குப் போகும்போது பேரம் பேசாதீர்கள். கடிகாரத்தை வாங்குகிற இடத்தில், 'பழசு, அதனால் விலை அதிகம்' என்று வியாபாரி சொன்னதும் தலையை ஆட்டினீர்கள். பாயை வாங்குகிற இடத்தில், 'வேலை ஜாஸ்தி, அதனால் விலை அதிகம்' என்று சொன்னால் மட்டும், 'புல்லுதானேம்மா?' என்கிறீர்கள். புல்தான். பூல் கையிலிருந்ததும் ஓடும் தகடும்தான். விலை கைக்கு, புல்லுக்கல்ல.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாய் சொல்லும்போது, மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் எழுதிக் கொடுப்பீர்கள் அல்லவா? அதே சீட்டில் மூன்றாவது வரியாக, 'நெய்தவர் பெயர்' என்று எழுதி இடம் விட்டுக் கொடுங்கள். அவர்கள் கூச்சப்படுவார்கள். 'எதுக்கு அதெல்லாம்?' என்பார்கள். வற்புறுத்துங்கள். பாயின் மூலையில் ஓர் அங்குலம் போதும். அதனால் பாயின் அழகு குறைந்துவிடாது. நூறு வருஷம் கழித்து எவனோ ஒரு வெளிநாட்டுக் கனவான் அந்தப் பாயைக் கண்ணாடிக்குள் மாட்டிவைத்துக்கொண்டு பெருமையடிக்கிற காலம் வந்தால், அவனாவது அந்தப் பெயரை வாசிக்கட்டும். அதற்கு முன்னால், தன் தாயின் பெயர் நெய்யப்பட்டதைப் பார்த்து, 'இந்த வேலை மதிப்பான வேலைதான் போலிருக்கிறது' என்று பத்தமடையில் ஒரு சிறுமிக்குத் தோன்றட்டும். அப்படித் தோன்றினால்தான் அவள் தறியில் உட்காருவாள். தோன்றாவிட்டால் உட்காரமாட்டாள், உட்காரச் சொல்ல நமக்கு யோக்கியதையும் இல்லை.

'நம்ம ஊர்ல இந்த மாதிரி வேலை செய்ய ஆள் ஏது?' என்பது இன்றைக்குப் பொய். நாம் இப்படியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, காலடியில் கிடப்பதை மிதித்துக்கொண்டு இருந்தால், நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது மெய்யாகிவிடும். அன்றைக்கு அந்த வாக்கியத்தோடு சண்டை போட எவனாலும் முடியாது.